ஆறு மணிக் கட்டம்

நவம்பர் 3, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் நர்சுகளுக்கு ஒதுக்கிய பக்கத்தை இந்த வருஷம் யார் எழுதுவது என்று மீட்டிங்கில் சூப்பிரண்டென்ட் ரூபவதி மேடம் கேட்டார். "போன தடவை மாதிரி சேவை, தியாகம்னு எழுதுனா நானே படிக்க மாட்டேன்" என்று பின்வரிசையிலிருந்து சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் வார்டில் கத்திப் பழகிய தொண்டைக்கு மெதுவு என்றால் என்னவென்றே தெரியாது.

"அப்ப நீங்களே எழுதுங்க எப்சிபா" என்றார் மேடம். தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்: செவிலியர் பணியை எளிதாக்கும் கற்பனைக் கருவிகளும் சலுகைகளும். "கற்பனைன்னு போட்டிருக்கேன். அதனால கவர்மென்ட்டு குடுக்குமான்னு யோசிக்காம எழுதுங்க." பதினைந்தாம் தேதிக்குள் வேண்டுமாம்.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து பிரிக்காமல் கிடந்தது. தோன்றுவதைக் குறித்துவைக்கலாம் என்று எடுத்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, உயில் எழுதுதியா?" என்று கேட்டார்.

முதல் கருவி: பின்தொடரும் நாற்காலி. நர்ஸ் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வரும். அரை நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் முழங்காலுக்குப் பின்னால் மெல்ல இடித்து உட்காரச் சொல்லும். ஒரு சிக்கல் உண்டு. டாக்டர் பார்த்தால் அவர் உட்கார்ந்துவிடுவார். ஆகவே நர்ஸைத் தவிர வேறு யார் உட்கார்ந்தாலும் நாற்காலி அலற வேண்டும்.

நவம்பர் 5, புதன்

காது கம்மல். வார்டில் ஒரு மணி நேரத்தில் நூறு தடவை "சிஸ்டர்" என்ற சத்தம் வரும். ஃபேன் ஓடவில்லை என்றாலும் சிஸ்டர், டிரிப் முடிந்தாலும் சிஸ்டர், மூச்சு நின்றாலும் சிஸ்டர். இந்தக் கம்மல் அதைப் பிரித்துச் சொல்லும்: "எப்சி, இது ஃபேன். எப்சி, இதற்கு ஓடு."

சலுகை: நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்கும் நர்ஸின் தெருவில் எந்தக் கோயில், சர்ச், பள்ளிவாசல், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் தானாக ஊமையாகிவிட வேண்டும். மூன்று மதத்தையும் சேர்த்துவிட்டேன். யாரும் என்மேல் கேஸ் போட முடியாது.

நவம்பர் 6, வியாழன்

எங்களுடையது பெண்கள் மருத்துவ வார்டு. கட்டில் நாற்பது. மழைக்குப் பிறகு டெங்கு பிடித்து ஆட்டுவதால் இன்று ஐம்பத்தாறு பேர். மிச்சப் பேருக்குத் தரையில் பாய்.

கட்டுரையில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதலாம். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சார்ட் தொங்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர் நான்கையும் குறிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு கட்டம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கட்டம். ஒரு ஆளை ஒழுங்காகப் பார்க்க நாலு நிமிஷம் ஆகும். ஐம்பத்தாறு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆகவே எல்லா வார்டிலும் எல்லாரும் செய்வதை நாங்களும் செய்கிறோம். மோசமாக இருப்பவர்களைப் போய்ப் பார்ப்போம். தேறிவருகிறவர்களுக்கு ஆறு மணிக் கட்டத்தை நாலரை மணிக்கே உட்கார்ந்து நிரப்பிவிடுவோம். இரண்டு மணி எண்ணில் அங்கே இரண்டு கூட்டி, இங்கே இரண்டு குறைத்து எழுத வேண்டும். அதே எண்ணைப் போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். போய்ப் பார்த்தாலும் அதுதான் வரும் என்று தெரிந்துதான் போடுகிறோம். கைப்பழக்கம்.

இந்தக் கைப்பழக்கம் வராத ஒரே ஆள் சண்முகவடிவு. ஒன்றரை வருஷமாக எங்கள் வார்டில் இருக்கும் ஒப்பந்த நர்ஸ். கட்டில் கட்டிலாகப் போய்க் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுவாள். மற்றவர்கள் அரை மணியில் முடிப்பதை அவள் முடிக்க நாலு மணி நேரம் ஆகும்.

"ஏளா, இப்படி ஊர்ந்துக்கிட்டே போனா என்னைக்கி முடிப்ப?" என்று இன்று கேட்டேன்.

"எனக்கு அது வரலக்கா. பாக்காம எழுதப் போனா பேனா நகர மாட்டேங்குது."

சிரித்துவிட்டேன். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. அறுபத்திரண்டு பேர். கூட டூட்டி பார்க்க வேண்டியவளின் பிள்ளைக்கும் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டாள். மதியம் ஒன்றிலிருந்து ஏழு வரை நான் ஒருத்திதான்.

ஒன்பதாம் கட்டில் அம்மாள் காய்ச்சல் பிதற்றலில் டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என்னைத் தன் மருமகள் என்று நினைத்து ஏசித் தீர்த்துவிட்டார். அந்த மருமகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மூன்று புது அட்மிஷன். இருந்த ஒரே ஆக்ஸிஜன் சிலிண்டரை வேறு வார்டுக்காரர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அதற்காக ஒரு சண்டை. ஐந்து மணிக்கு அரளி விதையைத் தின்ற பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வயிற்றைக் கழுவி, மானிட்டர் மாட்டி, நாடி நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஊசலாடுவதைப் பார்த்தபடி ஆறு நாற்பது வரை அவள் பக்கத்திலேயே நின்றேன். பிழைத்துக்கொண்டாள். அதுவரை ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தேன், நாலு நாற்பதுக்கு, சார்ட் எழுத.

இன்று என்னைச் சிரிக்கவைத்தவள் பதினேழாம் கட்டில் மைதீன் பாத்துதான். இருபத்தொன்பது வயசு, கடையநல்லூர்ப் பக்கம், பீடி சுற்றுகிறவள். டெங்கு, ஐந்தாம் நாள். காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. மாமியார் கைக்குழந்தையைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறார், துணைக்கு ஆள் இல்லை. இரண்டு மணிக்குப் பிரஷர் பார்க்கும்போது, "ஒரு நாளைக்கி எத்தன மைல் நடப்பிய சிஸ்டர்? இதுல பாதி நடந்தா நான் மக்காவுக்கே போயிருவேன்" என்றாள்.

ஏழு மணிக்கு வடிவு நைட் டூட்டிக்கு வந்தாள். கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் ஒப்படைக்கத் தெம்பு இல்லை. மேஜை பக்கத்தில் நின்றபடியே சொன்னேன்: "பதினேழு தேறிட்டு. காய்ச்சல் விட்டாச்சு, பிரஷர் நார்மல். நீ அந்தக் கோடியில அரளி விதைகிட்ட இருந்து ஆரம்பி." ஏழேகால் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

கருவி எதுவும் தோன்றவில்லை. ஒரு சலுகை மட்டும்: மாதம் ஒரு தடவை சுகாதாரத் துறை உயர் அதிகாரி ஒருவர் வந்து எங்கள் காலைப் பிடித்துவிட வேண்டும். வெந்நீர் நாங்களே கொடுத்துவிடுவோம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஓய்வு நாள். ஆராதனையில் தூங்கிவிட்டேன், வீட்டுக்காரர் இடித்து எழுப்பினார். மத்தியானம் கறிக்குழம்பு. வடிவு இரண்டு தடவை போன் பண்ணியிருக்கிறாள், எடுக்கவில்லை. ஓய்வு நாளில் வார்டு நம்பர்களை அடைத்துவிடும் போன் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

பாத்து ஐ.சி.யூ.வில் இருக்கிறாள்.

சனிக்கிழமை எட்டுப் பத்துக்கு வடிவு பதினேழாம் கட்டிலுக்கு வந்தபோது அவள் கைகால் ஜில்லென்று இருந்ததாம். பிரஷர் எண்பதுக்கு அறுபத்தாறு. நாடி கைக்கு அகப்படவில்லை. வடிவு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்து, இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு ஐ.சி.யூ.வுக்கு ஓடியிருக்கிறாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பாத்து இன்னும் கண் திறக்கவில்லை. கிட்னியும் வேலை செய்யவில்லை.

பாத்துவின் வீட்டுக்காரர் மனுக் கொடுத்துவிட்டார். விசாரணை வருகிறது. இந்த நிலைமை ஒரு மணி நேரத்தில் வருவதில்லை, நேரத்தோடு யாராவது கவனித்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சார்ட்டை எல்லாரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஆறு மணிக்குப் பிரஷர் நூற்றெட்டுக்கு எழுபது, நாடி எண்பத்து நாலு என்று சார்ட் சொல்கிறது. ஆகவே ஆறு மணிக்குப் பிறகுதான் இறங்கியிருக்க வேண்டும். ஏழு மணியிலிருந்து யார் டூட்டி? வடிவு டூட்டி.

நல்ல கையெழுத்து எனக்கு. ட்ரெய்னிங்கில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

சூப்பிரண்டென்ட் அறையில் அரை மணி நேரம்.

"ஏழு மணிக்கு டூட்டி எடுத்தவ எட்டுப் பத்துக்குத்தான் பதினேழாம் கட்டிலுக்கு வந்திருக்கா. எழுபது நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தா?" என்று கேட்டார் ரூபவதி மேடம்.

"அவ ஒவ்வொருத்தரா பாத்துட்டு வருவா மேடம். அதான் நேரமாகும்."

"அது அவ வேலை செய்ற விதத்துல இருக்குற குறை. எல்லாரும் முடிக்கிறாங்கல்ல?" பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க ஆறு மணிக்குப் பாத்தப்ப அந்தப் பொண்ணு நல்லா இருந்தா. அப்படித்தான எப்சிபா?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

"உங்க சார்ட் சுத்தமா இருக்கு. அது போதும்." அவரும் பத்தொன்பது வருஷம் வார்டில் கிடந்து வந்தவர்தான். கண்ணாடியைத் திரும்பப் போடும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டுரை எந்த அளவுல இருக்கு?"

வடிவின் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. கவனக்குறைவு என்று அறிக்கை போனால் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தக் காகிதம் அவள் போகிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் பின்னாலேயே போகும்.

நவம்பர் 12, புதன்

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. இது எனக்குத் தெரியாதா?

நவம்பர் 13, வியாழன்

உடை மாற்றும் அறையில் வடிவு டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எப்சிக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க ஆறு மணிக்குத் தொட்டுப் பாக்கையில அவ கை சூடா இருந்துச்சா?"

"ம்."

"அப்பம் நான்தான்க்கா. நீங்க அந்தக் கோடியில ஆரம்பின்னு சொன்னாலும் எல்லாரையும் ஒரு நிமிசம் எட்டிப் பாத்துட்டு நான் ஆரம்பிச்சிருக்கணும். போற வழியிலதான அவ கட்டிலு கெடக்கு. நான் தாண்டித்தான போனேன்." டப்பாவை மூடினாள். "விசாரணையில கேட்டா அப்படியே சொல்லிரலாம்னு இருக்கேன். என்ன சொல்லுதிய?"

"இப்ப ஒண்ணும் எழுதிக் குடுக்காத. பொறு" என்றேன். நல்ல மனசோடு சொன்ன மாதிரி இருந்தது. அவள் கூட நம்பிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். எனக்கு நாற்பத்தேழு வயசு, இன்னும் பதிமூன்று வருஷ சர்வீஸ் இருக்கிறது. அவளுக்கு இருபத்தைந்துதான், வேறு எங்காவது வேலை கிடைக்கும், தனியார் ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருக்கின்றன. அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை, ஒரு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு பேருக்கு ஒருத்தியைப் போட்டவர்களை யாரும் விசாரிக்கவில்லை. எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. எழுதி முடித்துத் திரும்பப் படிக்கையில் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாமா என்று இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

கருவி: நேரம் அறிந்த மை. ஆறு மணிக்கு எழுத வேண்டியதை நாலரைக்கு எழுதினால் தாளில் பிடிக்காது. எவ்வளவு அழுத்தி எழுதினாலும் கட்டம் வெள்ளையாகவே இருக்கும்.

இது கட்டுரைக்கு வேண்டாம்.

நவம்பர் 15, சனி

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். நாற்காலி, கம்மல், காலைப் பிடித்துவிடும் அதிகாரி. இன்னும் சில: டாக்டர் சட்டைப்பையில் செருகியதும் "நான் எப்சிபாவின் பேனா" என்று கூவும் பேனா. வார்டின் நடுவில் ஐந்து நிமிஷம் மட்டும் தோன்றும் கதவு, அதற்குள் போன நர்ஸ் சிறுநீர் கழித்துவிட்டு வரும் வரை ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதுவும் ஆகாது. கடைசியாக, தானே எழுதும் கட்டில். அதில் படுத்திருப்பவரின் காய்ச்சலையும் நாடியையும் பிரஷரையும் கட்டிலே பார்த்து, கட்டிலே எழுதும்.

மேடம் என் முன்னாலேயே படித்தார். பேனாவுக்கு வாய்விட்டுச் சிரித்தார். கதவுக்குச் சிரிக்கவில்லை, இரண்டாவது தடவை படித்தார். கட்டிலுக்கு வந்ததும், "இதுதான் எல்லாத்துலயும் பிரமாதம் எப்சிபா. இது மட்டும் இருந்தா நம்ம மேல ஒரு பழி வருமா?" என்றார்.

"வராது மேடம்."

பாத்து கண் திறந்துவிட்டாள் என்று ஐ.சி.யூ.வில் சொன்னார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பாத்துவை வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினேழாம் கட்டிலில் வேறு ஆள் இருப்பதால் இருபத்து மூன்று. கிட்னி திரும்பிவிட்டது. பாதி ஆளாகிவிட்டாள், கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. மாமியார் கைக்குழந்தையைத் தூக்கிவந்து வாசலிலிருந்தே காட்டினார். அவள் பார்த்த பார்வையை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. பாத்திரம் கழுவும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். பாதி சந்தோஷம்.

விசாரணை அறிக்கை எழுதி முடித்தாயிற்றாம். வியாழக்கிழமை டீன் கையெழுத்துப் போடுகிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்கு இருபத்து மூன்றாம் கட்டிலுக்குப் பிரஷர் பார்க்கப் போனேன். நேற்றிலிருந்து அவளுக்கு மட்டும் எல்லாவற்றையும் நிஜமாகவே பார்க்கிறேன். பட்டையைக் கையில் சுற்றும்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாத்து முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். முடிந்ததும் சொன்னாள்.

"அன்னைக்கும் இந்த மஃரிப் பாங்கு சொல்லயிலதான் சிஸ்டர் எனக்குக் கை காலெல்லாம் குளுந்துட்டு வந்துச்சு. வயிறு வேற பெரட்டிப் பெரட்டி வலிச்சுது. உங்களக் கூப்பிடலாம்னு தலையத் தூக்கிப் பாத்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம்லா?"

"நீங்க அந்த வெசம் தின்ன புள்ளகிட்ட நின்னிய. மத்தியானத்துல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல நீங்க, நான் பாத்துக்கிட்டேதான படுத்துருந்தேன். நமக்குத்தான் காய்ச்சல் விட்டுட்டே, இவிய பாவம், கொஞ்சம் மூச்சு விடட்டும்னு கூப்பிடல." பட்டையைக் கழற்ற வாகாகக் கையை நீட்டிக் கொடுத்தாள். "பொறவு கூப்பிடத் தெம்பு இல்லாமப் போச்சு. அந்த ராத்திரி சிஸ்டர் வந்து தொட்டாவ பாருங்க. தொட்ட ஒடனே ஓடுனாவ. எங்கம்மா கூட அப்படி ஓடிருக்க மாட்டா. அவியள எங்க காணும்?"

அவள் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். சாகக் கிடந்தவள், நான் மூச்சு விட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் சார்ட்டில் நாடி எண்பத்து நாலு என்று என் அழகான கையெழுத்து இருந்தது.

நூற்றுப் பதினாறுக்கு எழுபத்து நாலு. எழுதிவிட்டு நேராகச் சூப்பிரண்டென்ட் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது.

நவம்பர் 19, புதன்

காலை ஐந்தரைக்கு எழுந்து எழுதினேன். இதற்கு முன் மூன்று தாளைக் கிழித்தேன். முதலில் எழுதியதில் அறுபத்திரண்டு பேர், ஒருத்தி, அரளி விதை என்று என் கதைதான் நிறைய இருந்தது. கடைசியில் இவ்வளவுதான் வைத்தேன்:

"நவம்பர் எட்டாம் தேதி மாலை ஆறு மணிக்குப் பதினேழாம் கட்டில் நோயாளியை நான் பார்க்கவில்லை. அவருடைய சார்ட்டில் ஆறு மணிக் கட்டத்தில் உள்ள எண்களை நாலு நாற்பதுக்கு நானாகவே எழுதினேன். அன்று வார்டில் இருந்த அறுபத்திரண்டு பேரில் ஆறு மணிக்கு நான் உண்மையில் பார்த்தது ஒருவரை. டூட்டியை ஒப்படைக்கும்போது, பதினேழாம் கட்டில் நோயாளி தேறிவிட்டார், மறுகோடியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று செவிலியர் சண்முகவடிவிடம் சொன்னதும் நான்தான். அவர் என் எழுத்தை நம்பினார். அவர் வந்து கையைத் தொட்டதால்தான் நோயாளி உயிரோடு இருக்கிறார்."

வீட்டுக்காரரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். ஏன் என்று கேட்பார், வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். "தேதி போடல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போனார்.

ரூபவதி மேடம் இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் வாங்கிட்டா திருப்பித் தர முடியாது. உங்க சார்ட்டோட நிக்காது எப்சிபா. எல்லா வார்டு சார்ட்டையும் எடுத்துப் பாப்பாங்க. இந்த ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் தப்ப மாட்டா."

"தெரியும் மேடம்."

"எனக்கும் தெரியும்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகக் குத்தினார். முத்திரை சரியாக விழவில்லை, மை காய்ந்துபோயிருந்தது. எச்சில் தொட்டு இன்னொரு தடவை அழுத்திக் குத்தினார்.

நவம்பர் 20, வியாழன்

தற்காலிகப் பணி நீக்கம். அடுத்த விசாரணை எப்போது என்று சொல்லவில்லை. வடிவின் மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள்.

என்னோடு ட்ரெய்னிங் முடித்த இரண்டு பேர் போனில் அழைத்து ஏசினார்கள். "நீ யோக்கியமாகுததுக்கு எங்க பொழப்பையும் கெடுக்கணுமா?" என்று கேட்டாள் ஒருத்தி. நியாயம்தான். நேற்று எல்லா வார்டுகளிலும் ஆறு மணிக்குப் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தனவாம். பார்க்காததைப் பயத்தில் யாருமே எழுதவில்லை. டீன் அந்தத் தாள்களை வரிசையாக மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறார்.

ஆண்டு மலரிலிருந்து என் கட்டுரையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சமையல் குறிப்பு வருகிறதாம்.

நவம்பர் 21, வெள்ளி

லாக்கர் சாவியை ஒப்படைக்கப் போனேன். லாக்கரில் இருந்தது ஒரு ஜோடி செருப்பு, ஒரு தைல பாட்டில், பாதிக் காலியான பிஸ்கட் பாக்கெட். பையில் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது மத்தியான டூட்டிக்கு வடிவு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கேட்டுக்குப் பக்கத்தில், இளநீர்க் கடை முன்னால் நேருக்கு நேர் நின்றோம்.

நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். மறைப்பானேன், எதிர்பார்த்தேன். அழுதாலும் அழுவாள், கட்டிப்பிடித்தாலும் பிடிப்பாள், "விடு வடிவு" என்று சொல்ல வேண்டும் என்றுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பதினோரு நாளு, எப்சிக்கா" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தெனமும் வீட்டுக்குப் போயி எங்கம்மா கையப் புடிச்சுப் பல்ஸ் பாத்தேன். எங்க அண்ணனுக்குப் பாத்தேன். பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் பாத்தேன். எனக்குப் பாக்கவே தெரியலையோ, இம்புட்டு நாளும் தப்புத் தப்பா எண்ணிட்டனோன்னு. எங்கம்மா கேட்டா, உனக்குக் கிறுக்குப் புடிச்சுட்டான்னு. அன்னைக்கி உங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டேம்லாக்கா, கை சூடா இருந்துச்சான்னு."

"கேட்ட."

"ம்ன்னு சொன்னிய."

வெயில் சுள்ளென்று அடித்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். என் வலது மணிக்கட்டைப் பிடித்து மூன்று விரலை வைத்தாள். இன்னொரு கையைத் திருப்பித் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள். அவள் விடவில்லை. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முழு ஒரு நிமிஷம் எண்ணினாள். அவள் விரலுக்கு அடியில் துடித்ததை நானும் கூடவே எண்ணினேன்.

"நூத்திப் பன்னெண்டு" என்றாள். கையை இன்னும் விடவில்லை. "சரியா இருக்காக்கா?"

"சரியா இருக்கு வடிவு."

அவள் கையை விட்டுவிட்டு டூட்டிக்குப் போனாள்.